வராதவர் நோட்டு

இலஞ்சிவிளைச் சபையில் புதன்கிழமை சாயங்காலம் முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வராதவர்களின் பெயரை டீக்கன் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். மறுநாள் காலையில் டீக்கனின் மனைவி அந்த வீடுகளுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டு, பெயருக்கு நேரே காரணத்தை எழுதுவாள். காரணம் உண்மையாக இருக்கவேண்டும். அது ஒன்றுதான் சட்டம். ‘காய்ச்சல்’ என்று இருக்கும். ‘மாமியாரோடு வழக்கு’ என்று இருக்கும். ‘கள்ளு குடித்திருந்தேன்’ என்று எழுதச் சொன்ன ஒருவர் பிற்பாடு சபைக் கமிட்டியிலேயே இருந்தார். டீக்கனின் பக்கத்து வீட்டு ஈசாக் ஒருமுறை, ‘நல்ல சாளை மீன் வந்தது, வாங்கப் போனேன்’ என்று சொல்லியனுப்பினார். அதை வாசித்தபோது போதகரே சிரித்துவிட்டார்.

போதகரை அங்கே ஐயர் என்பார்கள். ஒன்பது சபைக்கு ஒரே ஐயர். அதனால் திருவிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். முந்தின நாள் சனிக்கிழமை பகலில், அதற்கு ஆயத்தமாக, ஒருக்கக் கூட்டம் நடக்கும். முதலில் நோட்டை வாசிப்பார்கள். பிறகு டீக்கன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். எல்லோரோடும் ஒப்புரவாக இருப்பவர் ‘சமாதானம்’ என்று பதில் சொல்லவேண்டும். இல்லாதவர் ‘இல்லை’ என்று சொல்லி, யாரோடு என்பதையும் சொல்லவேண்டும். அது தீரும்வரை இருவருக்கும் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. வெள்ளைக்காரப் போதகர்கள் இருந்த காலத்தில் வந்த வழக்கம் இது. பாறசாலையைச் சுற்றியிருந்த மற்றச் சபைகள் எப்போதோ விட்டுவிட்டன. இலஞ்சிவிளைக்காரர்களுக்கு மட்டும் அதில் ஒரு பெருமை இருந்தது. எங்களிடம் ஒளிவுமறைவு கிடையாது என்று சந்தையில்கூடச் சொல்லிக்கொள்வார்கள்.

டீக்கன் நேசையனுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. ஓடைக்கு மேலே இருபத்தைந்து செண்டு. தென்னோலைப் பந்தலுக்குக் கீழே கொம்புகளில் கொடிகள் ஏறி நின்றன. உள்ளே நடுப்பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும். மண் எப்போதும் நனைந்திருக்கும். குனிந்து நுழைந்தால் வெளியில் நடப்பது எதுவும் தெரியாது. கொடி ஒரு முழம் வளர்ந்தால் வாழைநாரால் கொம்போடு சேர்த்துக் கட்டவேண்டும். இறுக்கினால் நசுங்கும், தளர்த்தினால் சரியும். இலை பறிப்பது கட்டைவிரல் நகத்தால். காம்பு அறும்போது ‘டக்’ என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். இரண்டுபேர் ஒரே வரிசையின் இரண்டு பக்கமும் நின்று பறித்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஐம்பத்தைந்தாம் வருடம் ஐப்பசியின் துலா மழை தொடங்கியிருந்தது. நேசையன் தனியாகத்தான் பறித்தார். பதினான்கு மாதமாகவே தனியாகத்தான். ஆனாலும் அவர் ஒரு காம்பைக் கிள்ளினால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு காம்பு அறும் சத்தம் கேட்டது. அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது. முதலில் பந்தலிலிருந்து விழும் தண்ணீர் என்று நினைத்தார். கோடையிலும் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வரிசை முடியும் இடத்தில் சுற்றிப் போய் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

முன்பெல்லாம் அந்தப் பக்கத்தில் நின்று பறித்தவன் ஜெயசிங். ராஜபாயின் ஒரே மகன். இருபத்திரண்டு வயது. தகப்பன் இல்லாத வீடு. கொடிக்காலில் கூலிக்கு நின்றுகொண்டே நேசையனைக் கேலி செய்யக்கூடியவன். “டீக்கனாரே, பரலோகத்துக்குத் தமிழிலயா மலையாளத்திலயா மனு குடுக்கணும்?” என்று இலைக்கு அந்தப்புறமிருந்து கேட்பான்.

ஐம்பத்து நான்கு ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, திருவிதாங்கூரிலிருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி, தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் நடந்தது. போலீஸ் துப்பாக்கியால் வெடிவைத்தது. ஆட்கள் செத்தார்கள். அதன்பிறகு நெய்யாற்றின்கரை வரைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருந்த விளைக் குடியிருப்புகளில் ஜீப்புகள் திரிந்தன. ஆண்கள் மரச்சீனிக் கிழங்குக் காட்டில் ஒளிந்து படுத்தார்கள்.

சனிக்கிழமை காலையில் ஒரு ஜீப் நேசையனின் முற்றத்தில் வந்து நின்றது. இலஞ்சிவிளையிலிருந்து பத்துப் பன்னிரண்டு இளவட்டங்கள் ஊர்வலத்துக்குப் போனதாகத் துப்புக் கிடைத்திருக்கிறது, எல்லோரையும் கொண்டுபோகப்போகிறோம் என்று வந்திருந்த ஏட்டு சொன்னார். நேசையன் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். அந்தப் புதன்கிழமை ஜெபம் அவர் வீட்டில்தான் நடந்தது. இதில் பெயர் இல்லாதவர்கள் எல்லோரும் அன்று மாலை இந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னார். சொன்னது உண்மை. ஏட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மூன்று பெயர்கள். இரண்டுக்கு நேரே ‘காய்ச்சல்’. மூன்றாவது பெயருக்கு நேரே அவர் மனைவி சுகிர்தபாயின் வட்டமான எழுத்தில், ‘மார்த்தாண்டம் கூட்டத்துக்குப் போனான். தாய் சொன்னது’ என்று இருந்தது.

அந்த வரியை நேசையன் அதற்கு முன் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. அன்று விடிகாலையில் பார்த்திருந்தார். ஆனால் முப்பது வருடமாக அந்த நோட்டில் இருந்த உண்மை யாருக்கும் தீங்கு செய்ததில்லை. வாசித்தால் சிரிப்பார்கள், தலை குனிவார்கள், மன்னிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. ஏட்டு நோட்டை மூடி ஜீப்பில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஜெயசிங்கைக் கொண்டுபோனார்கள். மற்றவர்களைத் தொடவில்லை. ஒன்பது நாள் கழித்துத் தெற்கே ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். வெளியே காயம் அதிகமில்லை. நாற்பத்தோராம் நாள் ரத்தமாகக் கக்கிச் செத்துப்போனான்.

நோட்டு எங்கே என்று கேட்டவர்களிடம், பழையது நிறைந்துவிட்டது, புதிதாகத் தொடங்கியிருக்கிறேன் என்று நேசையன் சொன்னார். அவர் சொன்னதை யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

காட்டிக்கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது. ஈசாக்தான். அவருடைய தங்கை புருஷன் போலீஸ்காரன். மனைவி ஒற்றசேகரமங்கலத்துக்காரி, வீட்டில் மலையாளம்தான் பேச்சு. போதாததற்கு, நெய்யாற்றின்கரை பிரியக்கூடாது என்ற மனுவில் கையெழுத்தும் போட்டிருந்தார். வேறு அத்தாட்சி யாரும் தேடவில்லை. அடுத்த ஒருக்கக் கூட்டத்தில் ராஜபாய் ‘இல்லை’ என்று சொன்னாள். யாரோடு என்று கேட்டதற்கு, “சொல்லிக்குடுத்தவனோட” என்றாள். அவள் ஈசாக்கின் பெயரைச் சொல்லவில்லை. சபை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சந்தேகம் தீரும்வரை ஈசாக் திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. அதை எழுந்து நின்று வாசித்தவர் டீக்கன் நேசையன்.

இப்போது அது வேறொரு இடத்துக்கு வந்திருந்தது. ஈசாக்கின் மகள் விமலகுமாரிக்குப் பெருங்கடவிளையில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை. இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் மூன்று வாரம் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்கவேண்டும். கமிட்டியிலோ, ஒரு வருடத்துக்கு மேலாகியும் குற்றத்தை ஒத்துக்கொள்ளாதவரின் பெயரை வெட்டிவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை பெயர் வெட்டினால் ஞாயிற்றுக்கிழமை ஓலை இல்லை. ஓலை இல்லை என்றால் பெருங்கடவிளைக்காரர்கள் காரணம் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை மழை விட்ட நேரத்தில் ஈசாக் கொடிக்காலுக்கு வந்தார். உயரமான மனிதர். பந்தலுக்குள் நுழைய இடுப்பு வரை குனியவேண்டியிருந்தது. கொடியில் கை படாமல் நின்றுகொண்டு, இலை நன்றாக வந்திருக்கிறது, இந்த மழைக்கு வேர் அழுகாமல் பார்க்கவேண்டும் என்றெல்லாம் பேசினார். எல்லைக் கமிஷன் அறிக்கையைப் பற்றியும் பேசினார். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம், நாம் மலையாளப் பக்கம். களியக்காவிளைச் சந்தைக்குப் போவதென்றால் இனி வேறு ராஜ்யத்துக்குப் போவதாகும் என்றார். நேசையன் வாழைநாரைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டார்.

“நாளைக்கு எனக்க பேரை வெட்டுவியளா, டீக்கனாரே?” என்றார் ஈசாக்.

“கமிட்டி தீருமானம் ஆக்கும்.”

“கமிட்டியில நீரும் உண்டு அல்லியோ?”

நேசையன் நாரை முடிந்தார். முடிச்சு நழுவியது. மறுபடி முடிந்தார்.

“பிள்ளைக்க காரியம். எனக்கு வேண்டி கேக்கல்லே. எனக்கு இந்த அப்பமும் ரசமும் இல்லாம ஒரு கொல்லம், பன்னெண்டு மாசம் போச்சு, இனியும் போவும்.” ஈசாக் குனிந்தபடியே அவர் முகத்தைப் பார்த்தார். “வேற ஒண்ணும் எங்கிட்ட பறையதுக்கு இல்லியா?”

“என்ன பறைய?”

“ஒண்ணுமில்லே. மழை வருது. நான் வாறேன்.”

அவர் போனபிறகு நேசையன் ஒரு இலையைக் கிள்ளினார். எதிர்ப்பக்கத்தில் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே வெகுநேரம் சும்மா நின்றார். பிறகு பறித்தது போதும் என்று கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கூடை பாதிதான் நிறைந்திருந்தது.

வீட்டில் கடற்கரையிலிருந்து வரும் ரோசா மீன்கூடையை இறக்கி வைத்திருந்தாள். கோட்டுகால் பக்கத்துக்காரி, கத்தோலிக்கப் பெண். சுகிர்தபாய் சாளை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு உங்கள் கோயிலில் ஏதோ வழக்கு என்று சந்தையில் சொல்லுகிறார்களே என்று ரோசா கேட்டாள். பிறகு அவளே தொடர்ந்தாள். “எங்களுக்கு எளுப்பம் அக்கா. பாவம் சொல்லுத பெட்டிக்குள்ள இருக்க அச்சனுக்க காதுல ஓதிட்டு வந்தா தீர்ந்துது. நீங்கதான் ஊரையே கூட்டி வச்சு உடுப்பு கழத்துதிய.” சுகிர்தபாய் சிரிக்கவில்லை. இரண்டு சாளை அதிகமாகப் போட்டுவிட்டு ரோசா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும். நேசையன் கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தார். சுகிர்தபாய் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் தனக்கு வைக்கவில்லை. இந்தப் பதினான்கு மாதத்தில் இருவரும் இதைப் பற்றி இரண்டே முறைதான் பேசியிருந்தார்கள். முதல்முறை ஜெயசிங் செத்த அன்று. ஒரு நோட்டைக் காட்டியதற்காக எல்லோரையும் பகைத்துக்கொள்ள முடியுமா, பத்துப்பேர் பிழைத்தார்களே என்று அவர் அப்போது சொன்னார். இரண்டாம்முறை ஈசாக்கை விலக்கிய அன்று. அன்று அவள் மட்டும்தான் பேசினாள்.

“அந்த வியாழக்கிழமை நான் ராஜபாய்க்க வீட்டுக்குப் போனப்ப அவ முருங்கக்கீரை உருவிட்டு இருந்தா,” என்றாள் சுகிர்தபாய். “பயலு எங்கே போனான்னு கேட்டேன். அவ ஒரு நிமிஷம் எனக்க முகத்தைப் பார்த்தா. காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம். சொல்லல்லே. நோட்டுல எழுதுததுக்கு பொய் சொல்லப்பிடாதுல்லான்னு சொல்லிட்டு, மார்த்தாண்டத்துக்குன்னு சொன்னா. நான் எழுதினேன். நீரு எடுத்துக் குடுத்தீரு.”

“பத்து பயலுவளுக்கு வேண்டியாக்கும் குடுத்தேன்.”

“செரி. அதைச் சொல்லும். பத்துப்பேருக்கு வேண்டிக் குடுத்தேன், ஒருத்தன் போயிட்டான்னு சொல்லும். ஈசாக்கண்ணன் எதுக்கு சுமக்கணும்?”

அவர் எழுந்து கை கழுவப் போனார். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“நாளைக்கு எனக்க பேரைக் கூப்பிடும்ப நான் சமாதானம்னு சொல்லமாட்டேன். யாரோடன்னு ஐயரு கேப்பாரு. ஒம்ம பேரைச் சொல்லுவேன். முப்பது வருஷம் ஒமக்க சோறு தின்னவளாக்கும் நான். ஒளிச்சு வச்சு செய்யல்லே, முன்னாலயே சொல்லுதேன்.”

அவர் குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டே நின்றார். குடம் காலியாகும் வரைக்கும் ஊற்றினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. கோயில் ஓட்டில் விழுந்த சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம், நனைந்த துணி வாடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஈசாக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். ஐயர் வயதானவர், குளிருக்குத் துவர்த்துத் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தார். வராதவர் நோட்டு வாசிக்கப்பட்டது. யாரும் சிரிக்கும்படி எதுவும் இல்லை. பிறகு நேசையன் சபைப் புத்தகத்தை விரித்துப் பெயர்களைக் கூப்பிட்டார்.

“கருணாகரன்.” “சமாதானம்.” “விஜயம்மா.” “சமாதானம்.” மழைக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. பெயர்கள் வீடு வீடாக எழுதப்பட்டிருந்தன. ராஜபாயின் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் அடித்த ஒரு வரி, ஜெயசிங்கின் பெயர். ஒவ்வொரு முறையும் அந்த வரியில் நேசையனின் நாக்கு அந்தப் பெயரைச் சொல்லிவிடப் பார்க்கும்.

“ராஜபாய்.”

“இல்லை.”

“யாரோடு?” என்று ஐயர் கேட்டார்.

“சொல்லிக்குடுத்தவனோட.”

தலைகள் கதவுப் பக்கம் திரும்பின. ஈசாக் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் நான்கு பெயர்கள். பிறகு அவருடைய விரல் சுகிர்தபாயின் பெயரில் வந்து நின்றது. அவர் தலையை உயர்த்தவில்லை. பெண்கள் பக்கத்தில் அவள் எழுந்து நிற்கத் தயாராகச் சேலை முந்தானையைச் சரிசெய்வது அவருக்குத் தெரிந்தது. அடுத்த பெயரைச் சொல்லும்படி ஐயர் சைகை காட்டினார். நேசையன் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார்.

“நானாக்கும்,” என்றார்.

மழைச் சத்தத்தில் முன்வரிசைக்குத்தான் கேட்டது. ஐயர் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசச் சொன்னார்.

நேசையன் சொன்னார். ஜீப் வந்தது, ஏட்டு மிரட்டியது, நோட்டை எடுத்துவந்தது, ஏட்டு விரல் வைத்து வாசித்தது, நோட்டு திரும்பி வராதது, நிறைந்துவிட்டதென்று பொய் சொன்னது, ஈசாக்கை விலக்கிய தீர்மானத்தைத் தன் வாயாலேயே வாசித்தது. ஒன்றையும் விடவில்லை. பத்துப்பேரைக் காப்பாற்ற நினைத்தேன் என்பதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பத்துப்பேரில் ஆறுபேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

ராஜபாய் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“அந்த நோட்டுல அவனுக்க பேருக்கு நேரே என்ன எழுதியிருந்துது?”

நேசையன் அந்த வரியைச் சொன்னார்.

“தாய் சொன்னதுன்னும் எழுதியிருந்துதா?”

“எழுதியிருந்துது.”

சுகிர்தபாய் எழுந்தாள். “எழுதினது நானாக்கும், அக்கா,” என்றாள். ராஜபாய் அவளைப் பார்க்கவில்லை. தன் மடியையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டதுபோலத் தலையை ஆட்டினாள்.

ஐயர் ஈசாக்கைக் கூப்பிட்டார். பிழையில்லாத ஒருவரைச் சபை வருத்தியிருக்கிறது, உங்களுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார். ஈசாக் நின்ற இடத்திலேயே நின்றார்.

“ஜீப்பு டீக்கனாருக்க முற்றத்துல நிண்ணதை நான் கண்டேன். ஞான் கண்டதாணு, ஐயரே. எனக்க வேலிக்கு இப்பறம் நிண்ணு, நோட்டு கைமாறினதையும் கண்டேன்.”

ஐயர் திகைத்துப்போனார். பின் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றார்.

“நான் சொன்னா யாரு கேப்பா? மலையாளத்துக்காரன் டீக்கனாருமேல பழி போடுதான்னு சொல்லுவிய. அதாக்கும் முதல்ல நினைச்சது.” ஈசாக் டீக்கனின் பக்கம் திரும்பினார். “பின்ன வேற ஒண்ணு வந்துது. இவரு ஒவ்வொரு மட்டமும் பேரு கூப்பிட எந்திரிக்கும்ப, அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு ருசி பிடிச்சுது. எரியட்டும், தானா சொல்லட்டும்னு இருந்தேன். நேத்து கொடிக்கால்ல போய் நிண்ணப்பகூட வாயைத் திறந்து கேக்கல்லே. இந்த ராஜபாய் அக்கா, மகனைக் கொன்னவன் யாருன்னு தெரியாம பதினாலு மாசம் எனக்க வாசல் வழியாட்டு தண்ணிக்குப் போனா. எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை மிண்டல்லே. அதை எனக்க பேருக்கு நேரே எழுதுங்கோ.”

அன்று அதற்குமேல் பெயர் கூப்பிடவில்லை. மறுநாள் மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியை ஐயர் எடுக்கவில்லை. அப்பத்தையும் ரசத்தையும் பெட்டியிலேயே திருப்பிக் கொண்டுபோனார். விமலகுமாரியின் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. ராஜபாய் கோயிலுக்கு வந்திருந்தாள். வெளியே வரும்போது டீக்கனின் முன்னால் நின்று, இந்தப் புதன்கிழமை ஜெபம் என் வீட்டில் என்று மட்டும் சொன்னாள். மகன் செத்தபிறகு அவள் வீட்டில் முறை வைத்திருக்கவில்லை.

புதன்கிழமை எல்லோரும் வந்தார்கள். சின்ன வீடு. பாதிப்பேர் கூரை இறவாரத்துக்குக் கீழே, மழைச்சாரலில் நின்றார்கள். ராஜபாய் கருப்பட்டிக் காப்பி போட்டிருந்தாள். அவித்த மரச்சீனி ஒரு தட்டில் இருந்தது, யாரும் தொடவில்லை. நேசையன் வாசலில் தயங்கி நின்றபோது, உள்ளே வந்து உட்காரும்படி அவள் பாயைக் காட்டினாள். ஈசாக் அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார். பாட்டு முடிந்ததும் நேசையன் வழக்கம்போல ஜெபிக்கத் தொண்டையைச் சரிசெய்தார். ராஜபாய் கை காட்டித் தடுத்தாள்.

“இண்ணைக்கு நான் ஜெபிக்கேன்.”

எல்லோரும் முழங்காலிட்டுக் கண்களை மூடினார்கள். அவள் சத்தமாக ஜெபித்து யாரும் கேட்டதில்லை. மழைக்காக, கிழங்கு அழுகாமல் இருப்பதற்காக, ஈசாக்கின் மகள் கல்யாணத்துக்காக, சுகிர்தபாயின் முட்டுவலிக்காக, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொன்னாள். பிறகு, “கர்த்தாவே, நேசையனை” என்றாள்.

அதோடு நின்றுவிட்டாள்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. மன்னித்துவிடும் என்று வருமா, வேறு ஏதாவது வருமா என்று தெரியவில்லை. வெளியே நின்றவர்களும் அசையவில்லை. ஆமென் என்று சொல்லாமல் கண் திறக்கக்கூடாது. ஆமென் சொல்லவேண்டியவள் அவள். குழந்தை ஒன்று சிணுங்கியது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். காப்பியின் ஆவி அடங்கியது. விளக்குத் திரி கரிந்து வாடை வந்தது, யாரும் எழுந்து தூண்டவில்லை. நேசையன் சாணி மெழுகிய தரையில் முழங்கால் வலிக்க, கண்களை இறுக மூடிக்கொண்டு, தன் பெயருக்கு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்.